பதினாறு ஆம்பியர்

முட்டத்தில், பாறைகளுக்குப் பின்னால் மொட்டைமாடியில்
பெல்லார்மின் இறக்கி வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியில்
நாலுபேர் தாராளமாக இருக்கலாம்.
கரண்டுக்குத்தான் இடமில்லை.

மஸ்கட்டில் பதினோரு வருஷம் ஏசி மாட்டியவர்,
வந்து ஹோம்ஸ்டே போர்டு மாட்டினார்.
மீட்டர் மட்டும் அவர் அப்பன் காலத்து ஒற்றை பேஸ்.
"மூணு பேஸுக்கு எழுதிக் குடுத்து எட்டு மாசம், கேட்டியா?
இபி ஆபீசிலேருந்து ஒரு ஈச்சை வரல்ல."

கணக்கு சின்னது.
ஹீட்டர் பதிமூன்று ஆம்பியர்.
பம்பு மெல்ல ஓடினால் இரண்டு,
குமிழி கிளப்பப் பாய்ந்தால் எட்டு.
கம்பி தாங்குவது பதினாறு.
கூட்டிப் பார்க்க மூன்றாம் வகுப்பு போதும்.

எனக்கு முன்னால் வந்த எவனோ கூட்டவில்லை.
விழுகிறதே என்று முப்பத்திரண்டு பிரேக்கரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
குழாய்க்குள் கம்பியின் உறை இளகி
விரலில் மெழுகாய் ஒட்டியது.
விழவேண்டியது விழாமல் நிற்கும்போது
எனக்கு உள்ளங்கால் வேர்க்கும்.

முப்பத்திரண்டைக் கழற்றினேன். கம்பியை உருவிப் புதிதாக இழுத்தேன்.
கட்டுப்பாட்டுப் பலகையில் நகத்துண்டு அளவில்
ஒரு பிளாஸ்டிக் தொப்பி;
இரண்டு ஊசிகளிலிருந்து எடுத்து
பக்கத்து இரண்டில் வைத்தேன். அவ்வளவுதான்.

"இனி குமிழி வந்தா சூடு நிக்கும்.
சூடு வேணும்னா குமிழி நிக்கணும்."
"ரெண்டுக்கும் பைசா வாங்கிட்டு ஒண்ணுதான் குடுக்கேனா?"
"மாத்தி மாத்திக் குடுக்கீரு."

அவரிடம் சொல்லாதது ஒன்று:
பம்பு முழுக்க நின்றாலும் ஹீட்டர் எரியாது.
தண்ணீர் நகராத இடத்தில் அது தன்னையே சுட்டுக்கொள்ளும்.
மெல்ல ஓடவேண்டும் பக்கத்தில் ஒன்று,
சத்தம் போடாமல்.

பகல் இரண்டுக்கே போட்டோம்.
மணிக்கு இரண்டரை டிகிரி.
இருபத்தேழிலிருந்து நீர் படியேறுவதை
மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.
"அதாம் சூடு போவுது, வையும்" என்றேன்.

ஏழு மணிக்குத் துறைமுகத்து ஐஸ் பிளான்ட் உறுமியது.
இருநூற்று முப்பது நூற்றுத்தொண்ணூறாய் இறங்கியது.
ஒரே லைன்தான்:
அங்கே சாளைக்கும் அயிலைக்கும் தண்ணீர் உறைகிறது,
இங்கே பெங்களூர்த் தம்பதிக்குத் தண்ணீர் காய்கிறது.
வோல்டேஜ் குறைந்தால்
ஹீட்டர் குறைத்துக் குடிக்கும், குறைத்துச் சுடும்.
மோட்டார் கூடக் குடிக்கும், முனகிக்கொண்டே.
வீட்டிலும் அப்படி இரண்டுபேர் உண்டு.
யார் எது என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள்.
குமிழி பொங்கியது, சிரித்தாள்.
பதினைந்து நிமிடத்தில் தானே அடங்கியது.
மறுபடி அழுத்தினாள். மறுபடி.
முப்பத்தெட்டு, முப்பத்தேழரை, முப்பத்தேழு.
"விடேன்" என்றான் அவன், "காயட்டும்."
அதன்பிறகு லைட்ஹவுஸ் வெளிச்சம் சுற்றிவரும் நேரமெல்லாம்
அலை மட்டும் கேட்டது.
என்ன பேசினார்களோ.
நான் டூல்ஸ் பையைக் கட்டினேன்.

கிரேஸ்லினுக்கு ஆசாரிபள்ளத்தில் நைட் ட்யூட்டி.
இந்த மாதம் நான் வரும்போது அவள் போயிருப்பாள்,
அவள் வரும்போது நான் ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டிருப்பேன்.
கேட்டில் ஒரு நிமிடம், சாவி, "காஸ் புக் பண்ணியா?"
மேடையில் மரச்சீனி, மூடிவைத்த மீன்குழம்பு.
சட்டியின் வயிற்றில் புறங்கையை வைத்தேன்.
அணைத்து ஒன்றேகால் மணிநேரம் இருக்கும்.
மீட்டர் இல்லாமலே தெரியும்.

முதல் உருண்டை வாய்க்குப் போகுமுன் போன்.
"லேய், விழுந்துட்டு!"
"விழட்டும், அதுக்குத்தான் வச்சது. என்ன போட்டீரு?"
"நான் ஒண்ணும் போடல்ல.
ரோஸ்லெட் மிக்ஸில தேங்கா அரைச்சா."

அடுக்களையையும் இதே கம்பியிலா கோர்த்திருக்கிறான், பாவி.
குழம்பில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.
"ஹீட்டர ஆஃப் பண்ணும்,
அவியல அரைக்கச் சொல்லும்,
பெறகு போடும்" என்றேன்.

போனுக்குள் ரோஸ்லெட் குரல்:
"எம்புட்டு நேரத்துக்குன்னு கேளுங்க."